அணைக்குக் கீழே பெய்த மழை

தாமிரபரணிப் படுகையின் மழைக் கணக்கில் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையிலுள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 965 மி.மீ. மழை பதிவானது. 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 946 மி.மீ. இரண்டுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பெய்த இடம்தான் வேறு. காக்காச்சி, ஆற்றுக்குத் தண்ணீர் தரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல். காயல்பட்டினமோ, ஆறு கடலில் விழும் புன்னக்காயலுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்.

2023 வெள்ளத்தைப் புரிந்துகொள்ள இந்த இட வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். வெள்ளம் என்றால் மலையிலிருந்து வருவது, அணை நிரம்பினால் வருவது, மதகைத் திறந்தால் வருவது என்ற பழக்கம் நமக்கு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. 1992-இல் அந்த மலை மழையோடு வந்த வெள்ளம் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கியது. அம்பாசமுத்திரம் முதல் ஆத்தூர் வரை கரையோரக்காரர்கள் முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் காது கொடுத்துக் கேட்டது ஒரே செய்தியைத்தான்: பாபநாசம் அணை எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி, எவ்வளவு திறக்கிறார்கள். 2023 மார்கழியில் வானம் அந்தக் கேள்வியையே பொருட்படுத்தாமல் அணைக்குக் கீழே கொட்டியது.

அன்றைய பதிவுகளைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, நாங்குநேரிப் பக்கத்து மூலைக்கரைப்பட்டியில் 62. மலையும் சும்மா இருக்கவில்லை. மாஞ்சோலையில் 55 செ.மீ. பெய்தது. ஆனால் மாஞ்சோலை வட்டாரத்துக்கு அது பழகிப்போன மழை. அங்கே ஊத்து, நாலுமுக்கு போன்ற எஸ்டேட்டுகளில் ஓராண்டு மழை 300 செ.மீ.யைத் தாண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 65 செ.மீ.தான். அதாவது காயல்பட்டினத்தில் ஓராண்டு மழையும் அடுத்த ஆண்டின் பாதியும் ஒரே இரவும் பகலுமாக விழுந்தன.

வறட்சியைப் பார்த்துப் பார்த்தே அமைந்த நிலம் அது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு நிற்பதற்கு முக்கியக் காரணம் தூத்துக்குடி அளங்கள். உப்பு விளைய வேண்டுமானால் வானம் வறண்டிருக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மலை தடுத்துவிடுகிறது. வடகிழக்கில்தான் கொஞ்சம் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தைக் கீழே விடாமல் பிடிப்பதற்கென்றே பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் இங்கே அணைக்கட்டும் காலும் குளமும் மடையும் கட்டி வந்திருக்கிறார்கள். பனையும் உடைமரமும் செந்தேரி மணலும்தான் ஆற்றுப் பாசனத்துக்கு வெளியே கண்ணுக்குத் தெரிவது. ஆற்றை ஒட்டிய பட்டையில் மட்டும் நெல்லும் வாழையும் வெற்றிலையும் பச்சைப் பசேலென்று நிற்கும். ஆழ்வார்திருநகரியில் நின்று பார்த்தால் தஞ்சாவூர்; பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போனால் ராமநாதபுரம்.

ஆறு நீளமானதும் அல்ல. பொதிகையில் பிறந்து சுமார் 125 கி.மீ. ஓடிக் கடலில் சேர்கிறது. முழு ஓட்டமும் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள் அடங்கிவிடும். 143 அடிப் பாபநாசமும், 156 அடிச் சேர்வலாறும், 118 அடி மணிமுத்தாறும் மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகின்றன. பாபநாசமும் மணிமுத்தாறும் ஆளுக்கு ஐந்தரை டி.எம்.சி. அளவுக்குப் பிடிக்கும். அதற்குக் கீழே பச்சையாறு வந்து சேர்கிறது. குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் கலக்கிறது. அதன் கிளைகளில் சில சிறிய அணைகள் உண்டே தவிர, சிற்றாற்றை நிறுத்திவைக்கப் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் கிடையாது. சீவலப்பேரிக்குக் கீழே முறப்பநாடு, மருதூர், ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், முக்காணி என்று ஆறு தாழ்ந்துகொண்டே போகிறது. படுகையின் இந்தக் கீழ்ப்பாதியில் பெய்யும் மழையைப் பிடித்துவைக்கவோ நேரம் பார்த்துத் திறந்துவிடவோ பெரிய அணை எதுவும் இல்லை.

மலையில் பெய்த மழை கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். எச்சரிக்கை, ஒலிபெருக்கி, தண்டோரா, முகாம் எல்லாமே அந்த நேரத்தை நம்பித்தான் இருக்கின்றன. தலைக்கு மேல் பெய்த மழைக்கு அப்படி ஒரு இடைவெளி கிடையாது. காயல்பட்டினத்துக்காரருக்கு வெள்ளச் செய்தியும் வெள்ளமும் ஒன்றாகத்தான் வந்தன.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் 946 மி.மீ. மழை பெய்தால் கிடைக்கும் தண்ணீர் சுமார் 3.3 கோடி கன அடி. இப்படி 13 கி.மீ. நீளமும் 13 கி.மீ. அகலமும் உள்ள ஒரு சதுரத்தில் பெய்தால் பாபநாசம் அணை அடியிலிருந்து விளிம்பு வரை நிரம்பிவிடும். எல்லா இடத்திலும் 95 செ.மீ. பெய்யவில்லைதான். சராசரியைப் பாதியாகக் குறைத்து, 1,000 சதுர கி.மீ. பரப்பில் 50 செ.மீ. என்று வைத்துக்கொண்டால்கூட 17 டி.எம்.சி.யைத் தாண்டுகிறது. பாபநாசம், மணிமுத்தாறு இரண்டையும் முழுக்கக் காலி செய்து வைத்திருந்தாலும் 11 டி.எம்.சி.தான் கொள்ளும். அந்த அணைகள் இருக்கும் இடத்துக்கு இந்தத் தண்ணீர் போகவும் போகாது. மேட்டுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. ஆகவே “அணையை முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும்” என்று டிசம்பர் கடைசியில் தேநீர்க் கடைகளில் நடந்த வாதம், சென்னையின் 2015 வெள்ளத்துக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்தாது. சென்னையில் செம்பரம்பாக்கம் ஏரி, அடையாற்றுக்கு மேலே ஒரு கைப்பிடியாக இருந்தது. அதை எப்போது திருப்பினார்கள் என்று கேட்க நியாயம் இருந்தது. இங்கே அணைகளின் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. மலையிலும் கனத்த மழைதான், அங்கிருந்தும் தண்ணீர் வந்தது. ஆற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போன அந்த நாளில், அணைத் தண்ணீர் வந்து சேர்ந்த இடம் ஏற்கனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி குளங்களுக்கு வருவோம். வெள்ளத்தைப் பற்றிய பேச்சில் ஆறு எல்லாப் பழியையும் புகழையும் எடுத்துக்கொள்கிறது. தாழ்ந்த பகுதிகளை உண்மையில் மூழ்கடித்ததில் குளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். ஏழு பழங்காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. ஏழாவதான மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால். இந்த நான்கு கால்களும் 53 குளங்களுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. ஆயக்கட்டு சுமார் 46,000 ஏக்கர். ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசிக் குளத்தின் மறுகால் கடலுக்கு. தென்காலில் பெரியது கடம்பாகுளம். வடகாலின் கடைக்கோடியில், தூத்துக்குடி நகரத்துக்கு மேற்கே, கோரம்பள்ளம் குளம். அதன் 24 கண் மதகு திறந்தால் தண்ணீர் உப்பாற்று ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும்.

சிக்கனத்தின் உச்சம் இந்த அமைப்பு. ஒரு சொட்டு நாலு ஊரைத் தொட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகும். பழைய குளங்களின் கலுங்கைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தச் சிக்கனம் கல்லிலேயே தெரியும். வழிந்தோடும் மேடையின் மேல், இடைவெளி விட்டு, முழங்கால் உயரத்துக்கும் மேலாகக் கல்தூண்கள் வரிசையாக நட்டிருப்பார்கள். பருவம் முடியப் போகிறது, இனி மழை பெரிதாக வராது என்று தோன்றும்போது, ஆயக்கட்டுக்காரர்கள் அந்தத் தூண்களுக்கு இடையே பலகை செருகி, களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைப்பார்கள். குளம் இன்னும் ஒன்றிரண்டு அடி கூடுதலாகப் பிடிக்கும். கடைசித் தண்ணீருக்கு ஏங்கும் பிசானப் பயிருக்கு அது உயிர். ஆனால் அடைத்தபின் பெருமழை வந்துவிட்டால் யாராவது இருட்டில் இறங்கி அதைப் பிடுங்கியாக வேண்டும். பழைய ஏற்பாட்டில் அதற்கென்று ஆள் இருந்தார். மடைக்குடும்பர் என்றோ நீர்ப்பாய்ச்சி என்றோ ஊருக்கு ஒரு பெயரில், களத்தில் நெல்லைக் கூலியாக வாங்கிக்கொண்டு, குளத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். இன்று மதகுகள் இரும்புக்கு மாறிவிட்டன. பொறுப்பு துறைக்குப் போய்விட்டது. ஒரு உதவியாளருக்குப் பல குளம். மழை இரவில் அவர் எந்தக் குளத்தில் நிற்பார்?

மார்கழித் தொடக்கம் என்பது இந்த அமைப்பில் மிகவும் சங்கடமான காலம். பிசான நெல் நிற்கிறது. குளம் நிறைந்திருந்தால்தான் அறுவடை வரை தாங்கும். எந்த விவசாயியும் அப்போது குளத்தைக் காலியாக வைத்திருக்கச் சம்மதிக்க மாட்டார். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் குளத்தில் இடம் வேண்டும். பயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் இடமே இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே குளத்திடம் எதிர்பார்க்கிறோம்.

சங்கிலியாகப் பிணைத்த குளங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. மேல்குளத்தின் கரை உடைந்தால், அது பிடித்துவைத்த தண்ணீர் முழுவதும் சில மணி நேரத்தில் கீழ்க்குளத்துக்கு வந்துவிடும். கீழ்க்குளம் தன் தலையில் பெய்த மழையோடு அதையும் சுமக்க வேண்டும். கலுங்கின் அகலம் இயல்பான மறுகாலுக்கு அளந்து வைத்தது. உடைப்புக்கு அளந்தது அல்ல. 2023-இல் குளங்களிலும் கால்களிலும் ஓடைகளிலும் நூற்றுக்கணக்கான இடங்களில் உடைப்பு ஏற்பட்டது. கோரம்பள்ளம் குளத்துக் கரை உடைந்து தண்ணீர் தூத்துக்குடிப் பக்கம் திரும்பியது. திருநெல்வேலி நெடுஞ்சாலை அந்தோணியார்புரத்தில் அறுந்தது. தூத்துக்குடி நகரத்தின் தெருக்களில் பல நாள் நின்ற தண்ணீரைத் தாமிரபரணி வெள்ளம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆறு அந்த நகரத்துக்குள் ஓடுவதே இல்லை. குளத்து உடைப்பும் உள்ளூர் மழையும் சேர்ந்த தண்ணீர் அது. உப்பளங்களும் துறைமுகச் சாலைகளும் சுற்றி நிற்க, தட்டையான கடற்கரையில் போக வழி தெரியாமல் கிடந்தது.

கரை உடைவதும் உண்டு, உடைப்பதும் உண்டு. தன் ஊர் மூழ்கும் நேரத்தில் எதிர்ப்பக்கக் கரையை வெட்டிவிடலாமா என்ற பேச்சு குளத்துப் பாசன ஊர்கள் எல்லாவற்றிலும் எழக்கூடியதுதான். அதை எழுத்தில் பதிவு செய்ய எந்த ஊரும் முன்வராது. வெள்ள அறிக்கைகள் ‘உடைப்பு’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிடுகின்றன.

அந்த இரவில் நாட்டின் கண்ணுக்கு முதலில் பட்டது ரயில்தான். டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், இரும்பும் கட்டையும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. சிலர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பெரும்பாலானோர் நிலையத்திலேயே இருந்தார்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேரும் வரை அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் அருகிலிருந்த புதுக்குடி மக்கள். பிறகு ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. 19-ஆம் தேதிதான் எல்லோரும் வெளியேற முடிந்தது.

இதில் மனிதக் கதையைத் தாண்டிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தண்டவாளத்தின் கீழே இருந்த மண் ஏன் போயிற்று? ரயில்பாதைக்காகப் போட்ட மேடு, மழைநீருக்கு ஒரு கரை. ஒரு பக்கம் தேங்கிய தண்ணீர் சிறிய பாலங்களின் வழியே மறுபக்கம் போக வேண்டும். அந்தக் கண்கள் போதாதபோது தண்ணீர் மேட்டின் மேல் ஏறுகிறது, ஏறியதும் மண்ணை அறுக்கிறது. நெடுஞ்சாலையிலும் இதே நடந்தது. சமவெளியில் நாம் போடும் ஒவ்வொரு உயர்ந்த சாலையும் யாரும் அனுமதி வாங்காமல் கட்டிய ஒரு குளக்கரைதான். கலுங்கு மட்டும் கிடையாது. நான்கு வழிச்சாலை வந்தபின் தண்ணீர் எங்கள் பக்கமே நிற்கிறது என்று தாழ்ந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது அதை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிடுகிறோம். நீரியல் பாடப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

ஏரலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் அதுதான் கடைத்தெரு. துணி, பாத்திரம், நகை, பலசரக்கு, உரம் எல்லாம் அங்கேதான். பொங்கலுக்கு ஒரு மாதமே இருந்ததால் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும் பருவம். ஆறு கடைத்தெருவுக்குள் வந்தது. பாலத்தை ஒட்டிய சாலை அடித்துப்போனதால் ஊர் துண்டிக்கப்பட்டது. மின்சாரமும் செல்போனும் இல்லாமல் நாட்கள் போயின. திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய இரண்டு மாவட்டங்களிலுமாக 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றோரம் முழுக்க வாழைத் தோட்டங்கள் தண்ணீரில் நின்றன. வாழைக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது. தண்டு நிமிர்ந்து நிற்கும், உள்ளே அழுகிவிடும். நெல்லுக்காவது அடுத்த பட்டம் உண்டு. வாழை போனால் ஓராண்டு போயிற்று.

வெள்ளம் வடிந்தபின் ஒவ்வொரு சுவரிலும் ஒரு சேற்றுக் கோடு நிற்கும். தண்ணீர் எங்கே எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அதைவிடத் துல்லியமான ஆவணம் கிடையாது. கணினி மாதிரியைச் சரிபார்க்க விஞ்ஞானிகள் தேடி அலைவதும் இதைத்தான். ஆனால் டிசம்பர் 18-க்கும் பொங்கலுக்கும் இடையே நான்கே வாரம். வெள்ளையடிப்பில் அந்தக் கோடு போய்விடும். போக வேண்டியதுதான், யாருக்கு அதைப் பார்த்துக்கொண்டே பொங்கல் வைக்க மனம் வரும்? பஞ்சாயத்து அலுவலகச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடைச் சுவர் என்று ஊருக்கு மூன்று பொதுச் சுவர்களிலாவது அந்தக் கோட்டை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்து தேதி போட்டிருந்தால், ஒரு பெயிண்ட் டப்பா செலவில் படுகை முழுவதற்கும் வெள்ள வரைபடம் கிடைத்திருக்கும்.

வானிலை எச்சரிக்கை பற்றி அப்போது மாநில அரசும் மத்திய அரசும் மாற்றி மாற்றிக் குற்றம்சாட்டிக்கொண்டன. முன்னறிவிப்பு தாமதம் என்றது ஒரு தரப்பு; சிவப்பு எச்சரிக்கை கொடுத்தோமே என்றது மற்றது. சென்னை வேறு மிக்ஜாம் புயலின் சேற்றை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தது. எல்லோருடைய கண்ணும் இரண்டு வாரமாக வடக்கே. தெற்கே வந்ததற்குப் பெயர்கூட இல்லை. குமரிக்கடலை ஒட்டிய ஒரு காற்றுச் சுழற்சி, அவ்வளவுதான். புயலாக இருந்தால் பெயர் வைத்திருப்பார்கள், கரை கடக்கும் நேரத்தைத் தொலைக்காட்சி எண்ணிக்கொண்டிருக்கும். பெயரில்லாத மழைக்கு மக்கள் பயப்படுவதில்லை.

அந்தச் சண்டையில் இரு தரப்பும் தொடாத ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. வானிலைத் துறையின் அளவுகோலில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மேலே தட்டு இல்லை. 21 செ.மீ.யும் அதி கனமழை, 95 செ.மீ.யும் அதி கனமழை. சிவப்பு எச்சரிக்கை கேட்ட ஒரு வட்டாட்சியர் எந்த அளவுக்குத் தயாராவார்? தன் அனுபவத்தில் பார்த்த மிகப் பெரிய மழைக்கு. தூத்துக்குடி மாவட்டத்தில் அந்த அனுபவம் 95 செ.மீ.யின் அருகில்கூட வராது. 95 செ.மீ. என்ற எண்ணை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். இன்றைய அறிவியலால் அந்த எண்ணை அந்த ஊரின் பெயரோடு சொல்லவும் முடியாது. ஆனால் ‘இத்தனை செ.மீ. பெய்தால் இந்தக் குளத்து மறுகால் இந்தத் தெருவுக்குள் வரும்’ என்று நிலத்தின் பக்கமிருந்து சொல்ல முடியும். மழை வரும் முன்பே, வெயில் காலத்திலேயே சொல்லிவைக்க முடியும். அதற்கு வேண்டியது செயற்கைக்கோள் அல்ல, கிராம வரைபடமும் மட்டம் பார்க்கும் கருவியும்.

தீர்வு என்று பேச்சு வந்தால் முதலில் வருவது தூர்வாருதல். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மண் மேடிட்டுக் கிடப்பதைப் பற்றி உழவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் 2015-இல் தூர்வாரும் வேலை தொடங்கியது. கோடையில் தண்ணீர் பிடிக்க அது மிகவும் தேவை. வெள்ளத்துக்கு? ஒரு சதுர கிலோமீட்டர் குளத்தை முழுக்க ஒரு மீட்டர் ஆழப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அள்ளும் மண் பத்து லட்சம் கன மீட்டர். லாரிகள் மாதக்கணக்கில் ஓட வேண்டும். கூடுதலாகக் கிடைக்கும் இடம் மூன்றரைக் கோடி கன அடி. ஆற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி போகும்போது அந்த இடம் நிரம்ப ஆறு நிமிடம் போதும். அதுவும் வெள்ளம் வரும்போது குளம் காலியாக இருந்தால். தூர்வாருவது வறட்சிக்கான மருந்து; அதை வெள்ளத்துக்கும் சேர்த்து எழுதிக்கொடுப்பது, ஒப்பந்தக்காரருக்கு வேண்டுமானால் நல்லது.

அடுத்தது தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு. 2009-இல் தொடங்கி, பல ஆட்சிகளைப் பார்த்து, 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்ட கால்வாய். கன்னடியன் காலிலிருந்து சுமார் 75 கி.மீ. ஓடித் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட நிலங்களுக்கு உபரி நீரைக் கொண்டுபோகிறது. நல்ல திட்டம், அந்தத் தேரிக்காட்டு ஊர்களின் கிணறுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே போனால் தெரியும். அதன் கொள்ளளவு வினாடிக்கு 3,200 கன அடி. லட்சத்தில் மூவாயிரத்து இருநூறு. வெள்ளநீர்க் கால்வாய் என்று பெயர் வைத்ததால் அது வெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தவிர, கால்வாயின் தலை மேலே இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் காயல்பட்டினத்துக்கும் மேல் பெய்த மழை அதன் கண்ணிலேயே படாது. 2023 டிசம்பர் 17 அன்று சாத்தான்குளம் பக்கமும் மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. வறண்ட நிலத்துக்கு அனுப்பலாம் என்றால் அன்று வறண்ட நிலமே இல்லை.

எஞ்சியிருப்பது கவர்ச்சியில்லாத வேலைகள். கடம்பாகுளத்து மறுகால் ஓடை, உப்பாற்று ஓடை போன்ற கழிவு வழிகளின் அகலத்தைப் பழைய நில வரைபடத்தோடு ஒப்பிட்டு மீட்பது. அந்த ஓடைகளில் மண்டும் சீமைக்கருவேலையும் அமலைச் செடியையும் புரட்டாசிக்குள் அகற்றுவது. அமலை, வெள்ளத்தில் பாய் போல மிதந்து வந்து மதகுக் கண்ணில் அடைத்துக்கொண்டால் திறந்த ஷட்டரும் மூடிய ஷட்டர்தான். சாலைக்கும் ரயில்பாதைக்கும் கீழே கண்களை அகலப்படுத்துவது. இவற்றில் எதற்கும் பெரிய கல்வெட்டு வைத்துத் திறப்புவிழா நடத்த முடியாது. ஓடைப் புறம்போக்கில் வீடு கட்டியிருப்பவர்கள் பெரும்பாலும் வேறு இடம் இல்லாதவர்கள். அதே ஓடையை அடைத்துக் கல்யாண மண்டபமும் பெட்ரோல் பங்க்கும் கட்டியவர்கள் வேறு வகை. அகற்றும் இயந்திரம் எப்போதும் முதல் வகையினரிடம்தான் முதலில் போகிறது. அதனாலேயே பாதி வேலையில் நின்றும் போகிறது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. 2010-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. மணல் போனால் ஆறு ஆழமாகுமே, வெள்ளம் குறையுமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஓரளவு உண்மைபோலத் தோன்றும். ஆனால் மணல் அள்ளுவது ஆற்றைச் சீராக ஆழப்படுத்துவதில்லை. இங்கே ஒரு பள்ளம், அங்கே ஒரு மேடு என்று விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளம் பள்ளத்தில் சுழன்று கரையைக் குடைகிறது, பாலத்தின் காலைக் குடைகிறது.

இந்த ஆற்றங்கரையில் வெள்ளத்தோடு வாழ்ந்த பழைய அறிவு இல்லாமல் இல்லை. ஆதிச்சநல்லூரில் தாழிகள் புதைக்கப்பட்ட இடம் ஆற்றையொட்டி உயர்ந்து நிற்கும் பரம்பு, வயல் கீழே. திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பெரிய வெள்ளத்திலும் அது மூழ்கும். வெள்ளம் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவ மூர்த்தியையும் உண்டியலையும் பாத்திர பண்டங்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். வரும் தண்ணீரைப் படகின் முகப்புபோல இரண்டாகப் பிளந்து அனுப்பும்படி மேற்குப் பக்க மதிலை அமைத்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை. 2023-லும் அப்படியே. அதே நாளில் சற்றுத் தள்ளிக் கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைத் தண்ணீர் சூழ்ந்திருந்தது. கோயிலைக் கட்டியவர்கள் தண்ணீர் வரும் என்று வைத்துக் கட்டினார்கள். அலுவலகத்தைக் கட்டியவர்கள் வராது என்று வைத்துக் கட்டினார்கள். பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூழ்கும் கோயிலில் யாரும் குடியிருக்கவில்லை, அதனால் அது சுலபம். ஏரல் கடைத்தெருவில் சரக்கை மேலே ஏற்ற ஒரு மாடி அறை இருந்த கடைக்கும் இல்லாத கடைக்கும் இருந்த வித்தியாசம் இன்னும் பொருத்தமான பாடம்.

ஓராண்டு கழித்து, 2024 டிசம்பர் இரண்டாம் வாரத்தில், மழை மறுபடி வந்தது. ஊத்து எஸ்டேட்டில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல். குற்றாலத்தில் அருவிகள் பாறையை மறைத்தன. ஆறு பெருகியது, கரையோரம் தண்ணீர் ஏறியது. முகாம்கள் முன்னதாகவே திறந்தன, அறிவிப்பும் நேரத்தோடு வந்தது. போன ஆண்டின் படிப்பினை பலித்துவிட்டது என்று பலர் மூச்சுவிட்டார்கள். மழையின் உச்சம் அந்த ஆண்டு காக்காச்சி, ஊத்துப் பக்கம் மலைமேல் இருந்தது. எச்சரிக்கை ஏற்பாடு முழுவதும் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அதே திசையில். காயல்பட்டினத்திலும் திருச்செந்தூரிலும் அந்த நாளில் 2023-ஐப் போல எதுவும் பெய்யவில்லை. கீழ்ப்படுகையில் என்ன சரிசெய்தோம் என்பதை 2024 சோதித்துப் பார்க்கவே இல்லை.